மிஸ்ஸி (தாதி) படிப்பில் இடம் கிடைத்துவிட்டால் போதுமா? (மலேசியா, பேராக், சுங்கை சிப்புட் வட்டாரம்)

செம்பனைச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தாதியர் டிப்ளோமா படிக்கிற பிள்ளைகளுக்கு வார்டில் வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கிற கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் நான். பிறந்தது சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு பால்மரத் (ரப்பர்) தோட்டத்தில். இப்போது அங்கே முழுக்கச் செம்பனை. அம்மா தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் வேலை பார்த்தவர்.

நம் ஊரில் சமத்துவம் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு சீட்டோடு நின்றுவிடுகிறது. எத்தனை இந்தியப் பிள்ளைகளுக்கு இடம் கிடைத்தது, யாரைப் பார்த்தால் கிடைக்கும், இப்படியே போகும். அது வேண்டாத பேச்சு என்று சொல்லவில்லை. ஆனால் சேர்ந்த பிள்ளை மூன்று வருடமும் படித்து முடித்து, தாதியர் வாரியப் பரீட்சையில் தேறி, பெயரைப் பதிந்த பிறகுதான் அவள் மிஸ்ஸி. நடுவில் விட்டுவிட்டால் கையில் மிஞ்சுவது பி.டி.பி.டி.என். (அரசாங்க உயர்கல்வி நிதி) கடன் மட்டும். தோட்டத்திலிருந்து வந்த பிள்ளைகள் அப்படி விட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். படிப்பு ஏறாமல் போகிறவர்கள் இல்லை அவர்கள்.

காலை ஏழு மணி பாஸ் ஓவரை, அதாவது ஒரு ஷிஃப்ட் அடுத்த ஷிஃப்டிடம் நோயாளிகளை ஒப்படைக்கும் நேரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். வார்டே சுற்றி நிற்கிறது. ஒரு மாணவியைப் பார்த்து மூத்த தாதி கேட்கிறார்: இந்த நோயாளிக்கு ஏன் பொட்டாசியம் பார்க்கச் சொன்னார்கள்? அவள் படித்த புத்தகம் ஆங்கிலத்தில். வார்டில் எல்லோரும் பேசுவது மலாய். கட்டிலில் இருக்கிற பாட்டியிடம் ராத்திரி முழுக்கப் பேசியது தமிழ். விடை அவளுக்குத் தெரியும். மூன்று மொழியையும் தாண்டி வாய்க்கு வருவதற்குள் இன்னொரு பிள்ளை பதில் சொல்லிவிடுகிறது. அன்று சாயங்காலம் அவளுடைய லாக் புக்கில் (பயிற்சிப் பதிவேட்டில்) ஒரு வரி ஏறுகிறது: ‘ஆர்வம் குறைவு.’

அடுத்த போஸ்டிங்கில் (வார்டுப் பயிற்சிச் சுற்றில்) வருகிற இன்ஸ்ட்ரக்டர் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் முன்னே அந்த வரியைப் பார்த்துவிடுகிறார். அதற்குப் பிறகு அவள் வாய் திறந்தாலும் தப்பு, திறக்காவிட்டாலும் தப்பு. கடைசியில் ஒரு நாள் அப்பா வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகிறார்.

யாரும் வேண்டுமென்று செய்ததில்லை. ‘தமிழ்ப் பிள்ளை’ என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இதைப் பிடித்துக் காட்டுவது சிரமமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு எப்படி இருந்தது? தாதிகள், மாணவர்கள், பெற்றோர் எல்லோரும் எழுதுங்கள்.

லோரிக்காரர்

வணக்கம் தங்கச்சி. மக எஸ்.பி.எம். (அஞ்சாம் பாரம் பரீட்சை) எழுதிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கா. சின்ன வயசிலேருந்து மிஸ்ஸி ஆகணும்னு ஒரே பிடிவாதம். நீங்க எழுதினதப் படிச்சதும் கொஞ்சம் பயமாப் போச்சு. கவர்மெண்டு காலேஜுக்கு விடலாமா, தனியாரா? அத முதல்ல சொல்லுங்க. மத்தது பெறகு.

சாலாக்காரி

அண்ணே, நான் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். முதலில் சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்துக்கு விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். நம் பேராக்கில் உலு கிந்தாவிலேயே ஒன்று இருக்கிறது. அங்கே கிடைத்தால் மாதா மாதம் உதவித்தொகையும் உண்டு, வீட்டுக்குச் சுமை இல்லை. போட்டி கடுமையாக இருக்கும். மலாய், கணிதம், ஓர் அறிவியல் பாடம், இந்த மூன்றிலும் கிரெடிட் (நல்ல தேர்ச்சி) இல்லாமல் எந்தப் பக்கமும் கதவு திறக்காது.

தனியாருக்குப் போவதாக இருந்தால் கையெழுத்துப் போடும் முன் இதையெல்லாம் கேளுங்கள். போஸ்டிங் எந்த ஆஸ்பத்திரியில்? அங்கே போக வேன் கல்லூரி விடுமா, நாமே பார்த்துக்கொள்ள வேண்டுமா? சீருடை, சப்பாத்து, மஞ்சள் காமாலை பி தடுப்பூசி எல்லாம் கட்டணத்தில் அடங்குமா? கடன் பணம் வந்து சேர மாதக்கணக்கில் இழுக்கும்; அதுவரைக்கும் ஹாஸ்டல் காசுக்கு நெருக்குவார்களா? பிள்ளைகள் தடுக்கி விழுவது அந்த முதல் சில மாதங்களில்தான். என்னோடு படித்தவள் ஒருத்தி பஸ் காசு இல்லாமல் மாலை ஷிஃப்டுக்கு வராமல் இருந்தாள். வருகைப் பதிவில் அடி வாங்கினாள். ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆள் இல்லை.

வாத்தியார்_பேராக்

இழையைத் தொடங்கியவரின் அக்கறை புரிகிறது. ஆனால் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். நான் தமிழ்ப்பள்ளியில் பல காலம் பாடம் நடத்தியவன். நம் பிள்ளைகள் பாவம், மொழி வராது, பஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லியே அவர்களைக் கீழே வைத்துவிட்டோம். மருந்து கொடுக்கிற வேலை இது. உயிர் சம்பந்தப்பட்டது. இங்கே சலுகை கேட்டால் நாளைக்கு ‘இந்தத் தாதி சலுகையில் வந்தவள்’ என்று நோயாளியே பேசுவான். தகுதியால் வந்தாள் என்ற பெயர்தான் அவளைக் காப்பாற்றும். பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவோம், பாடத்தை இளக்கச் சொல்ல வேண்டாம்.

செம்பனைச்சாலை

ஐயா, நீங்கள் சொல்வதில் பாதிக்கு மேல் எனக்கும் உடன்பாடுதான். பாடத்தை இளக்கச் சொல்லி எங்கேயும் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

டிரிப் கணக்கு ஒன்றைப் பாருங்கள். 500 மில்லி சலைன், 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், அந்தக் குழாயில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு. 500-ஐ 20-ஆல் பெருக்கினால் 10,000. அதை 240 நிமிடத்தால் வகுத்தால் 41.67. நிமிடத்துக்கு 42 சொட்டு. இதில் தோட்டத்துப் பிள்ளைக்கு ஒரு விடை, டவுன் பிள்ளைக்கு ஒரு விடை கிடையாது. 42 வராதவள் டிரிப்பில் கை வைக்கக் கூடாது. என் சொந்த மகளாக இருந்தாலும் அப்படித்தான்.

நான் மாற்றச் சொல்வது கேட்கிற விதத்தை. என் வகுப்பில் இப்போது வார்டு கேள்விகளை முதல் நாளே ஒரு தாளில் கொடுத்துவிடுகிறேன். மறுநாள் பெயர் வரிசைப்படி கூப்பிடுகிறேன். முந்திக் கை தூக்குகிறவர் மட்டும் பேசும் வழக்கம் நின்றுவிட்டது. நோயாளி முன்னால் வைத்துத் திட்டுவதில்லை, டிரீட்மெண்ட் ரூமுக்குக் கூட்டிப் போய்ச் சொல்கிறேன். எழுத்துத் தேர்வுத் தாளில் பெயருக்குப் பதில் எண். லாக் புக்கில் ‘ஆர்வம் குறைவு’ போன்ற சொல்லுக்கு இடமில்லை. என்ன செய்தாள், என்ன செய்யவில்லை என்று மட்டும் எழுத வேண்டும். ‘இரத்த அழுத்தம் எடுக்கும்போது கையில் சுற்றும் கஃப் அளவு சரிபார்க்கவில்லை’ என்று எழுதினால் பிள்ளை திருத்திக்கொள்ளும். ‘ஆர்வம் குறைவு’ என்பதை எதை வைத்துத் திருத்துவது?

இவ்வளவுக்கும் தேர்ச்சி மதிப்பெண் ஒன்று கூடக் குறையவில்லை. பயன் தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் என்றும் இல்லை. கிளந்தானிலிருந்து வந்த, கூச்சப்படுகிற மலாய்ப் பிள்ளை ஒன்று இந்த முறை வந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

வாத்தியார்_பேராக்

பெயருக்குப் பதில் எண் என்பது நல்ல ஏற்பாடு. அதில் எனக்கு மறுப்பில்லை. கேள்வியை முதல் நாளே கொடுப்பது பற்றி யோசிக்க வேண்டும். அவசர நேரத்தில் யாரும் முதல் நாளே சொல்லிவிட்டு வருவதில்லையே.

செம்பனைச்சாலை

உண்மை. அதனால் இரண்டாம் ஆண்டுப் பாதியில் அந்தத் தாளை நிறுத்திவிடுவேன். அதற்குள் வாய் பழகிவிடும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

உங்கள் எல்லோரையும் விட மூத்தவள் நான், கொஞ்சம் நீளமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

1970-களில் இங்கிலாந்துக்குத் தாதிப் படிப்புக்குப் போன மலேசியப் பெண்களில் நானும் ஒருத்தி. அப்போது அங்கே இரண்டு வழி இருந்தது. மூன்று வருடம் படித்தால் ஸ்டேட் ரெஜிஸ்டர்ட் நர்ஸ், சுருக்கமாக எஸ்.ஆர்.என். இரண்டு வருடம் படித்தால் ஸ்டேட் என்ரோல்ட் நர்ஸ், எஸ்.இ.என். இரண்டாவதில் வார்டில் நாள் முழுக்க அதே வேலைதான், ஆனால் அதில் முடித்தவள் சிஸ்டராக (வார்டுப் பொறுப்புத் தாதியாக) முடியாது. மேலே ஏற வழியில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களை, முக்கியமாகக் கரீபியன் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்தவர்களை, அந்த இரண்டாவது வழியில் தள்ளிவிட்டார்கள். தகுதி இருந்தவர்களையும் தள்ளினார்கள். வித்தியாசம் என்னவென்று அங்கே போய் இறங்கிய பிறகுதான் பலருக்குத் தெரிந்தது. என் அறைத்தோழி தைப்பிங் பெண், பள்ளியில் என்னைவிட நல்ல மதிப்பெண். அவளை எஸ்.இ.என்.-இல் போட்டார்கள். ஊருக்குத் திரும்பினபோது அவளை முழுத் தாதியாக ஏற்கவில்லை.

அப்போது எங்களிடம் யாராவது ‘தகுதியால் வா’ என்று சொல்லியிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்போம் வாத்தியார் ஐயா? தகுதி இருந்தது. அதை எந்த வரிசையில் நிறுத்துவது என்று வேறு யாரோ முடிவு செய்தார்கள்.

அந்த நாட்டில் இன்று 2010-ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டம் இருக்கிறது. வயது, உடற்குறை, இனம், மதம், பாலினம், கர்ப்பம் என்று ஒன்பது அடையாளங்களைப் பட்டியல் போட்டு, இவற்றை வைத்து யாரையும் தாழ்த்தக் கூடாது என்கிறது. கல்லூரிகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. நம் நாட்டில் அப்படி ஒரே சட்டம் இல்லை. அரசியலமைப்பில் சமத்துவத்தைச் சொல்லும் 8-ஆவது பிரிவு இருக்கிறது, அதில் பாலினம் என்ற சொல்லை 2001-இல்தான் சேர்த்தார்கள். 2008-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டம் இருக்கிறது. ஆனால் கல்லூரி வராந்தாவில் நடக்கிற காரியத்தைச் சட்டத்தை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. செம்பனைச்சாலை செய்வது மாதிரி லாக் புக்கில்தான் பிடிக்க வேண்டும்.

இரண்டாம்ஆண்டு

சிஸ்டர், படிச்சுட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன்.

நான் ஆம்பளப் பையன், நர்சிங் இரண்டாம் வருஷம். எங்க செட்டுல பசங்க விரல் விட்டு எண்ணுற அளவுதான். உலக சுகாதார நிறுவனம் 2020-ல வெளியிட்ட அறிக்கையிலயும் உலகத்துத் தாதிகள்ல சுமார் 90 விழுக்காடு பெண்கள்னுதான் இருக்கு. வீட்டுல அம்மாவுக்குப் பெருமை, மாமா மட்டும் இன்னும் ‘அடுத்த வருஷம் வேற கோர்ஸ் மாத்திக்கலாம்’னு சொல்லிக்கிட்டிருக்காரு. அது பரவால்ல.

பேறுகால வார்டு போஸ்டிங்லதான் பிரச்சனை. பொண்ணுங்க எல்லாரும் உள்ள போவாங்க. நான் வெளிய மேசையில ரெக்கார்டு எழுதிட்டு இருப்பேன். நோயாளி வேணாம்னு சொன்னா சரி, அது அவங்க உரிமை, நான் போகவே மாட்டேன். ஆனா யாரும் அவங்கள கேக்கவே இல்ல. கேக்காமலே என்னைய வெளிய உக்கார வச்சாச்சு. கடைசியில லாக் புக்ல அந்த வேலைங்க காலியா கிடக்கு, பரீட்சைக்கு அதுவும் வேணும்.

சாலாக்காரி

தம்பி, அடுத்த முறை இன்ஸ்ட்ரக்டரிடம் இப்படிச் சொல்லு: ‘மூத்த தாதி ஒருவர் கூட இருந்து, நோயாளியிடம் அனுமதி கேட்டுவிட்டு என்னை உள்ளே விடுங்கள்.’ ஆண் டாக்டரை அதே வார்டில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்டால் சரி என்று சொல்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை விட்டுவிடு. காலியாக இருக்கும் பகுதியைக் கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதே, இப்போதே எழுதிக் கொடு.

இரண்டாம்ஆண்டு

சரிக்கா. இன்னொன்னு கேக்கணும். பிரஷர் சோர் (படுக்கைப் புண்) முதல் கட்டம்னா தோல் சிவந்து இருக்கும், விரலால அமுக்கினா வெளுக்காதுன்னு படிச்சோம். வார்டுல நம்ம தாத்தா ஒருத்தரு, நல்ல கறுப்பு. சிவப்பா இருக்கான்னு எவ்வளவு நேரம் பாத்தும் எனக்கு ஒண்ணுமே தெரியல. ‘இல்ல’ன்னு எழுதலாமா?

செம்பனைச்சாலை

‘இல்லை’ என்று எழுதிவிடாதே தம்பி. இந்தக் கேள்விக்கு நான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் சமத்துவம் என்பது மாணவர்களை நடத்தும் முறையோடு முடிகிற விஷயம் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்துக்குள்ளும் அது இருக்க வேண்டும்.

நம் கல்லூரிகளில் புழங்கும் பாடநூல்களில் நிறைய அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அச்சானவை. படங்களில் இருக்கும் தோல் பெரும்பாலும் வெள்ளைத் தோல். ‘சிவந்திருக்கும்’, ‘நீலம் பாய்ந்திருக்கும்’, ‘வெளிறியிருக்கும்’ என்று எழுதியிருப்பதெல்லாம் அந்தத் தோலைப் பார்த்து எழுதியது. நம் தாத்தாவின் தோலில் அதே புண் வேறு மாதிரித் தெரியும்.

அவரை ஒருக்களித்துப் படுக்க வை. நல்ல வெளிச்சம் வேண்டும், முடிந்தால் ஜன்னல் பக்கத்து வெளிச்சம். எலும்பு அழுந்தும் இடங்கள்: வால் எலும்பு, இடுப்புப் பக்கம், குதிகால். அந்த இடத்தையும் அதற்குச் சற்றுத் தள்ளியிருக்கும் நல்ல தோலையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டுப் பார். சூடாக இருக்கிறதா, சில்லிட்டிருக்கிறதா? கெட்டியாக இருக்கிறதா, கொழகொழவென்று அமுங்குகிறதா? சுற்றியுள்ள நிறத்தைவிடக் கருத்து, ஊதாவாகத் தெரிகிறதா? தொட்டால் வலிக்கிறது என்கிறாரா? சர்க்கரை வியாதி முற்றி உணர்ச்சி மரத்தவராக இருந்தால் வலியை நம்பாதே, கையை நம்பு. இதில் ஒன்று மாறியிருந்தாலும் எழுது, அழுத்தம் படாமல் திருப்பிப் படுக்க வை, பொறுப்புத் தாதியிடம் சொல்.

இரத்தசோகை என்றால் கீழ் இமையை இழுத்துப் பார், உள்ளங்கையைப் பார். மஞ்சள் காமாலைக்குக் கண் வெள்ளை. ஆக்ஸிஜன் குறைந்தால் கறுத்த தோலில் நீலம் தெரியாமல் சாம்பல் பூத்தாற்போல் இருக்கும். உதட்டின் உள்பக்கம், ஈறு, நாக்கு, இங்கெல்லாம் பார்க்க வேண்டும்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்ஸிஜனைப் பார்க்கிற பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. அது சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகச் செலுத்தி அளக்கிறது. நடுவில் இருக்கும் தோலின் நிறமி அந்த ஒளியில் கொஞ்சத்தை வாங்கிக்கொள்ளும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளிவந்தது. மீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய நேரத்தில், தமனி இரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது ஆக்ஸிஜன் 88-க்குக் கீழே இறங்கியிருந்தது எத்தனை பேருக்கு என்று பார்த்தார்கள். வெள்ளையர் அளவுகளில் 3.6 விழுக்காடு, கறுப்பினத்தவர் அளவுகளில் 11.7 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அடுத்த ஆண்டு அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகமே எச்சரிக்கை விட்டது. கோவிட் காலத்தில் அந்த எண்ணைப் பார்த்துத்தானே பலரை வீட்டுக்கு அனுப்பினார்கள்?

அதனால் மீட்டர் 94 என்று சொன்னாலும், மூச்சு வேகமாக இருந்து, ஆள் குழம்பிப் பேசினால், ‘94 இருக்கிறதே’ என்று உட்கார்ந்துவிடாதே. டாக்டரைக் கூப்பிடு. நகப்பூச்சு இருந்தாலும், விரல் குளிர்ந்திருந்தாலும் எண் மாறும், அதையும் பார்த்துக்கொள்.

இரண்டாம்ஆண்டு

இத எங்களுக்கு யாரும் சொல்லித் தரலக்கா. ஸ்கிரீன்ஷாட் எடுத்து கிளாஸ் குரூப்புல போட்டுட்டேன். சீனப் பையன் ஒருத்தன் ‘எங்க தாத்தா வெயில்ல மீன் பிடிச்சே கறுத்தவரு, அவருக்கும் இது பொருந்துமா’ன்னு கேக்குறான்.

செம்பனைச்சாலை

பொருந்தும். தொட்டுப் பார்ப்பது எல்லாத் தோலுக்கும் பொருந்தும்.

ஒருகாது

இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா என்று தயங்கினேன். எனக்கு இடது காது கேட்காது, வலது காதில் கருவி. தாதிப் படிப்புக்கு ஆசைப்பட்டேன். நேர்காணலில் கேட்ட முதல் கேள்வியே ‘ஸ்டெதஸ்கோப்பை எப்படிக் கேட்பாய்’ என்பதுதான். அதற்குப் பிறகு வேறு கேள்வி கேட்கவில்லை. இப்போது கிளினிக் ஒன்றில் பதிவு மேசையில் இருக்கிறேன். என் மாதிரி ஆட்களுக்கு இந்தத் தொழிலில் இடமே கிடையாதா?

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

எழுதினது நல்லதும்மா. உனக்கு மழுப்பலான பதில் சொல்லப் போவதில்லை. பதிவு பெறுவதற்கு உடல் தகுதிச் சோதனை உண்டு, அதை யாரும் தாண்டிப் போக முடியாது. ஆனால் நோயாளியின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்பதற்கு ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் எலெக்ட்ரானிக் ஸ்டெதஸ்கோப் இருக்கிறது, சத்தத்தைத் திரையில் கோடாகக் காட்டுகிறதும் இருக்கிறது. காது கேளாத தாதிகள் மேல் நாடுகளில் அதை வைத்து வேலை பார்க்கிறார்கள். அன்று உன்னிடம் கேட்டது சரியான கேள்விதான். பதிலைக் கேட்காமல் முடித்ததுதான் அநியாயம்.

உன் ஒலியியல் அறிக்கையும் கருவியோடு எவ்வளவு கேட்கிறது என்ற அளவும் கையில் இருக்கட்டும். மறுபடியும் விண்ணப்பி. நேர்காணலுக்கு முன்பே எழுத்தில் கொடு. மறுத்தாலும் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்கு.

ஒருகாது

அறிக்கை பழசு. புதுசு எடுக்கிறேன். நன்றிம்மா.

லோரிக்காரர்

ஒரு சந்தேகம். மக கையில குலதெய்வக் கோயில் கயிறு கட்டியிருக்கா, மூக்குத்தி போட்டிருக்கா, பொட்டு இல்லாம வெளிய போக மாட்டா. காலேஜ்ல எல்லாத்தையும் கழட்டச் சொல்வாங்களாமே?

சாலாக்காரி

அண்ணே, கயிற்றை மட்டும் மகளையே மனமாரக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு வரை கை கழுவ வேண்டும். கயிறு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், கிருமி அதிலேயே தங்கிவிடும், ஒரு நோயாளியிடமிருந்து அடுத்தவருக்குப் போகும். என் கல்யாண வளையலையும் கடிகாரத்தையும் நான் வார்டில் கழற்றித்தான் வைக்கிறேன். கயிற்றைப் பூசையறையில் வைத்துவிட்டு, வேலை முடிந்து வந்து கட்டிக்கொள்ளட்டும்.

பொட்டால் யாருக்கும் கிருமி பரவாது. அதைத் தடுக்க மருத்துவக் காரணம் எதுவும் கிடையாது. மூக்குத்தி சிறிய கல் என்றால் பெரும்பாலும் பிரச்சனை வராது, ஆனால் கல்லூரிக்குக் கல்லூரி விதி மாறும்.

செம்பனைச்சாலை

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். விதி எதுவானாலும் ‘ஏன்’ என்று கேட்டால் கல்லூரி காரணம் சொல்ல வேண்டும். காரணம் கிருமி என்றால் அது கோயில் கயிற்றுக்கும் கல்யாண மோதிரத்துக்கும் முழங்கை தாண்டிய எந்தக் கைச்சட்டைக்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் பொருந்துகிற விதி என்றால் அது கிருமியைப் பற்றியது இல்லை.

சாலாக்காரி

அக்கா, மனதில் உறுத்திக்கொண்டிருப்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். நாம் இவ்வளவு நேரம் நம்மைப் பற்றியே பேசினோம்.

சுங்கை சிப்புட்டின் உள்காட்டிலிருந்து தெமியார் பழங்குடி மக்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வரும் அம்மாக்கள். மெல்லப் பேசுவார்கள், கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. அவர்களைப் பார்த்து ‘இதுங்க இப்படித்தான், சொன்னா புரியாது’ என்று பேசுகிற தாதிகளில் நம் தமிழ்ப் பெண்களும் இருக்கிறார்கள். பாஸ் ஓவரில் நம் பிள்ளை வாய் திறக்காமல் நின்றால் நமக்கு வலிக்கிறது. தெமியார் அம்மா பேசாமல் இருந்தால் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று ரிப்போர்ட் எழுதுகிறோம்.

தோட்டத்திலும் அதே கதைதான். நம் தாத்தா பாட்டி இருந்த லயத்தில் இன்று வங்காளதேசத்துப் பையன்கள், இந்தோனேசியக்காரர்கள். செம்பனைக் குலை விழுந்து காலை நசுக்கிக்கொண்டு வருகிறான் ஒரு பையன். அவனிடம் ‘பாஸ்போர்ட் எங்கே, பணம் யார் கட்டுவா’ என்று கேட்ட பிறகுதான் ‘வலிக்குதா’ என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளைப் பதிவு மேசை கேட்கட்டும். தாதி முதலில் காலைப் பார்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

சாலாக்காரி சொன்னதற்கு நியூசிலாந்தில் ஒரு பெண் பாதை போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரிஹாபெட்டி ராம்ஸ்டென், மாவோரி தாதி. அவருக்கு முன் தாதியர் பாடத்தில் ‘பிற பண்பாட்டை அறிதல்’ என்று நடத்திக்கொண்டிருந்தார்கள். இந்த இனத்தார் இதைச் சாப்பிடுவார்கள், அந்த இனத்தார் இப்படிக் கும்பிடுவார்கள் என்று பட்டியல். ராம்ஸ்டென் அதை ஏற்கவில்லை. தாதி முதலில் தன்னைத்தான் பார்க்க வேண்டும். தன் கையில் இருக்கும் அதிகாரம் என்ன, தன் மனதில் இருக்கும் முன்முடிவு என்ன என்று. கவனிப்பு பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நோயாளி என்றார். 1992-இல் அந்நாட்டுத் தாதியர் மன்றம் அதைப் பயிற்சியில் சேர்த்தது. பத்திரிகைகளில் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது, ஆனாலும் பாடம் நிலைத்தது.

இங்கே நம் பிள்ளைகளுக்கு என்ன நடத்துகிறார்கள்? ‘இந்தியர்: கறி, சர்க்கரை வியாதி’ என்று ஒரு ஸ்லைடு. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, நாட்டுச் சராசரி 18.3. எண் உண்மை, பயமுறுத்தும் உண்மை. ஆனால் அதை வைத்துக்கொண்டு கட்டிலில் இருக்கும் ஆளிடம் ‘நீங்க நிறைய சோறு சாப்பிடுவீங்க’ என்று ஆரம்பிக்கிற மாணவிக்கு அந்த ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாது. என்ன ஷிஃப்டில் வேலை, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார், மருந்து வாங்க டவுனுக்கு எப்படி வருகிறார் என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள்.

வாத்தியார்_பேராக்

சிஸ்டர், அமைதியாகச் சொல்லிவிட்டீர்கள். முதலில் நான் எழுதியதில் ஒரு பகுதியை இன்னும் விடவில்லை: பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவது நம் கடமை. அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன். எஸ்.பி.எம். முடித்துத் தாதியர் படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் கணிதமும், வார்டு மலாயும், ஆங்கில வாசிப்பும் சொல்லித் தருகிறேன். எந்த இனத்துப் பிள்ளை வந்தாலும் சரி. தெமியார் பிள்ளைகள் வர வழி இருந்தால் சாலாக்காரி சொல்லட்டும்.

சாலாக்காரி

கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. அவர்களுக்கு வண்டிதான் சிக்கல்.

லோரிக்காரர்

வண்டிக்கு நான் இருக்கேன். சனிக்கிழமை லோடு கம்மி, மச்சானோட வேன் இருக்கு. காட்டுப் பாதை எது வரைக்கும் வேன் போகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க. மகளையும் வாத்தியார்கிட்ட அனுப்புறேன்.

சாலாக்காரி தங்கச்சி சொன்ன கேள்வியெல்லாம் ரெண்டு காலேஜுக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஒரு இடத்துல ஒவ்வொண்ணாப் பதில் சொன்னாங்க. இன்னொரு இடத்துல ‘முதல்ல பதிஞ்சிடுங்க, அப்புறம் பேசிக்கலாம்’னாங்க. அந்த ரெண்டாவத விட்டுட்டேன்.

செம்பனைச்சாலை

சரியாகச் செய்தீர்கள் அண்ணே.

எங்கள் கல்லூரிப் பாடக்குழு அடுத்த மாதம் கூடுகிறது. லாக் புக் எழுதும் முறை, பேறுகால வார்டில் ஆண் மாணவர்களுக்கு அனுமதி கேட்கும் முறை, கறுத்த தோலைப் பரிசோதிக்கும் பாடம், இவற்றை எழுதிக் கொடுக்கப் போகிறேன். தோல் பாடத்துக்குப் படங்கள் வேண்டும். நோயாளிகளை வார்டில் வைத்து எடுக்க மாட்டேன். 2020-இல் லண்டனில் மருத்துவ மாணவர் ஒருவர் கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று கையேடே தயாரித்தார். நம் ஊர்த் தோலுக்கு நாமே கொஞ்சமாவது சேர்ப்போம். விருப்பமுள்ள பெரியவர்கள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால், முகம் தெரியாமல் எடுக்கலாம்.

ஓய்வுபெற்ற_சிஸ்டர்

என் முழங்காலில் கொசுக் கடித்துச் சொறிந்து வீங்கினது இப்போதும் இருக்கிறது, முழங்கைப் பக்கம் ஊசி போட்ட இடத்தில் இரத்தம் கட்டியிருக்கிறது. இரண்டையும் எடுத்துக்கொள். எப்படி எடுத்து அனுப்ப?

செம்பனைச்சாலை

ஃப்ளாஷ் போடாதீர்கள் சிஸ்டர், நிறம் வெளுத்துவிடும். காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒன்றும் அடிக்கோலும் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கிட்டத்தில் ஒன்று, சுற்றியுள்ள நல்ல தோலும் தெரிகிற மாதிரி ஒன்று. வீக்கம் வடியும்வரை தினமும் அதே இடத்தில் எடுத்தால் இன்னும் நல்லது. சம்மதப் படிவத்தைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன்.